செடிகளுக்காக வழக்காடிய விஞ்ஞானி

1920-ம் ஆண்டு. லண்டன் நகரத்து டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் சாதாரண மனிதர் அல்ல. மனித இதயத்தின் மின் துடிப்பை உலகிலேயே முதன்முதலாக, 1887-ம் ஆண்டில், பதிவு செய்து காட்டியவர். பெயர் அகஸ்டஸ் வாலர். உடலியல் துறையில் அவருடைய வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

கடிதம் யாரைப் பற்றியது? இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றியது. செடி வளர்வதைக் கண்ணெதிரே காட்டும் கருவி ஒன்றை அந்த இந்தியர் செய்திருந்தார். ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்து அதிசயித்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. இதையெல்லாம் வாலர் நம்பவில்லை. அந்தக் கருவி நம்பத்தக்கதுதானா என்று அவர் பகிரங்கமாகக் கேட்டுவிட்டார். உடலியல் நிபுணர்கள் முன்னிலையில், ஆராய்ச்சிசாலையில் வைத்து, அதைச் சோதித்துக் காட்ட முடியுமா என்றும் சவால் விட்டார்.

அந்த இந்தியர்தான் சர் ஜகதீச சந்திர போஸ். அப்போது அவருக்கு வயது 61. வாலருடன் அவருக்கு இது முதல் மோதல் அல்ல. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வழக்கு அது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், வங்காளத்துக்குப் போக வேண்டும்.

தாய்மொழிப் பள்ளி

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகஸ்தர். டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாக நினைத்தார்கள். ஆனால் பகவான் சந்திரர் தம் மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழி, பிறகுதான் பிறமொழி என்பது அவருடைய கொள்கை. வகுப்பில் மீனவர் மகனும், வீட்டு முஸ்லிம் ஊழியரின் மகனும் போஸின் தோழர்கள். மீன், பறவை, செடி, கொடி பற்றிய கதைகளை அவர்களிடம்தான் அவர் கேட்டார்.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லாஃபோன் பாதிரியார் என்ற பௌதிக ஆசிரியர், பாடத்தைச் சோதனை செய்து காட்டி நடத்துவார். இயற்கையிடம் கேள்வி கேட்கும் கலையைப் போஸ் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

1880-ம் ஆண்டு போஸ் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். முதலில் வைத்தியப் படிப்பு. காய்ச்சல் விடாமல் வாட்டியது. வைத்தியத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்ற ராலே பிரபு. இன்னொருவர் தாவர சாஸ்திரம் கற்பித்த வைன்ஸ். இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருவார்கள்.

சம்பளம் வேண்டாம்!

பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் ஆனார். அந்த வேலை எளிதில் கிடைக்கவில்லை. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் சிபாரிசு தேவைப்பட்டது. காரணம், கல்வி இலாகாவை நடத்தி வந்த ஆங்கிலேயர்களின் மனத்தில் ஊறியிருந்த ஓர் எண்ணம். இந்தியருக்குத் தத்துவம் வரும், இலக்கியம் வரும், ஆனால் அளந்து நிறுத்துச் சொல்லும் விஞ்ஞானம் வராது என்று அவர்கள் நினைத்தார்கள்.

வேலை கொடுத்தார்கள். ஆனால் சம்பளத்தில் கைவைத்தார்கள். அதே வேலைக்கு வெள்ளையருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பதவி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது, வெள்ளையர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு!

போஸ் கூச்சல் போடவில்லை. மனு மேல் மனு எழுதவில்லை. வேலையைச் செய்தார், சம்பளத்தைத் தொடவில்லை. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! வீட்டில் பணக்கஷ்டம். ஜனங்களுக்கு உதவ வேண்டும் என்று பல தொழில்களைத் தொடங்கி நஷ்டப்பட்ட தந்தைக்குக் கடன் ஏராளம். இந்த நிலையிலும் அவர் அசையவில்லை.

1887-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் அபலா தாஸ். இவருக்கும் நம் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்காத காலம் அது. ஆகவே 1882-ல் அபலா சென்னைக்கு வந்து வைத்தியம் படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்காமலே ஊர் திரும்பினார். சம்பளம் வாங்காத கணவரோடு சிக்கனமாகக் குடித்தனம் நடத்தியவர் இந்த அம்மையார்தான்.

முடிவில் கல்வி இலாகா இறங்கி வந்தது. பதவி நிரந்தரமாயிற்று. மூன்று ஆண்டுச் சம்பளமும் முழுமையாக, ஒரே தொகையாக வந்தது. தந்தையின் கடனை அடைக்க அது உதவியது.

சுவரைத் துளைத்த அலை

கல்லூரியில் ஆராய்ச்சிசாலை என்று சொல்லத்தக்க இடம் போஸுக்குக் கிடைக்கவில்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறைதான் கிடைத்தது. உதவிக்கு, படிப்பறியாத ஒரு தகரத் தொழிலாளி. இவ்வளவுதான் மூலதனம்.

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற மேதை மின்காந்த அலைகளைக் கண்டுபிடித்திருந்த காலம் அது. ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் நீளமானவை. போஸ் அவற்றைக் குறுக்கினார். மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கும் சின்னஞ்சிறு அலைகளை உண்டாக்கினார். ஒளி எப்படியெல்லாம் நடந்துகொள்கிறதோ, அப்படியெல்லாம் இந்த அலைகளும் நடந்துகொள்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். விலையுயர்ந்த சாமான்கள் அவரிடம் இல்லை. புத்தகத்தின் தாள்களுக்கு இடையே ஈயத் தாளைச் செருகி ஒரு கருவி. முறுக்கிய சணலை வைத்து இன்னொரு கருவி. வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்?

கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில் ஒரு சோதனை நடத்திக் காட்டினார். கம்பி இல்லை. ஓர் அறையில் கிளப்பிய அலை, சுவர்களைத் தாண்டிச் சென்று, தொலைவில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தை வெடிக்க வைத்தது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

1896-ல் லிவர்பூல் நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கக் கூட்டத்தில் போஸ் பேசினார். கிழவரான கெல்வின் பிரபு, தள்ளாத நிலையிலும் மாடி ஏறிச் சென்று, அங்கே அமர்ந்திருந்த அபலா அம்மையாரைப் பாராட்டினார். லண்டன் சர்வகலாசாலை போஸுக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்யும் கௌரவமும் கிடைத்தது.

இந்தியருக்கு விஞ்ஞானம் வராது என்ற பேச்சு அத்துடன் ஓய்ந்திருக்க வேண்டும். பௌதிகத்தோடு நின்றிருந்தால் ஓய்ந்தும் இருக்கும். போஸ் நிற்கவில்லை.

களைத்துப்போன கருவி

அலைகளைப் பிடிக்கும் கருவியில் போஸ் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தொடர்ந்து வேலை வாங்கினால் அது மந்தமாயிற்று. சிறிது நேரம் சும்மா விட்டால் மறுபடியும் சுறுசுறுப்பு வந்தது. வேலை செய்து களைத்த மனிதன் இளைப்பாறி எழுந்ததுபோல இருந்தது. ஆனால் அது உயிரற்ற உலோகம்!

போஸுக்குப் பொறி தட்டியது. தகரக் கம்பியை முறுக்கினார். மின்சார அசைவு தோன்றியது. சில மருந்துகளைத் தடவினார், அசைவு கூடியது. வேறு சிலவற்றைத் தடவினார்; குறைந்தது. விஷத்தைத் தடவினார், அசைவு அடியோடு நின்றது. தவளையின் தசையிலும் இதே கதைதான் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது செடி. அதிலும் சோதித்தார். கிள்ளினால் சுருங்கும் தொட்டாற்சுருங்கி மட்டுமல்ல, நம் வீட்டுச் சமையலறைக்கு வரும் சாதாரணக் காய்கறியும் சீண்டினால் மின்சாரத்தால் பதில் சொல்கிறது என்று கண்டார்.

1901 மே 10-ந் தேதி ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதையெல்லாம் செய்து காட்டினார். தசை, செடி, உலோகம் மூன்றும் வரைந்த கோடுகளை அருகருகே வைத்தார். எது எதனுடையது என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

நிபுணர்கள் எழுந்தார்கள்

நான்கு வாரம் கழிந்தது. ஜூன் 6-ந் தேதி அதே விஷயத்தை ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். இங்கே கேட்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல; துறையைக் கரைத்துக் குடித்தவர்கள். முதலில் எழுந்தவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பர்டன் சாண்டர்ஸன். செடிகளில் மின்சார ஆராய்ச்சி செய்தவர்களில் அவரே முன்னோடி. பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடியில் மின்சார அசைவு உண்டு என்று 1873-லேயே காட்டியவர். டார்வினே அவரை அதில் ஈடுபடுத்தினார்.

அப்படிப்பட்டவர் போஸை மறுத்தார். சாதாரணச் செடிகளில் இந்த அசைவு கிடையாது என்றார். தாமே தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றார். போஸ் பௌதிகத்தோடு நிற்பது நல்லது என்பதும் அவர் கருத்து. கட்டுரையின் தலைப்பில் உள்ள உடலியல் சொல்லை எடுத்துவிட்டுப் பௌதிகச் சொல்லைப் போடும்படியும் கேட்டுக்கொண்டார். வாலரும் அவரை ஆதரித்தார்.

வாலருக்கு இதில் சொந்தக் காரணமும் இருந்தது. மின்சார அசைவு எங்கே உண்டோ அங்கே உயிர் உண்டு. அசைவு இல்லையென்றால் உயிர் இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். போஸோ தகரத்துண்டிலும் அசைவைக் காட்டிவிட்டார்! போஸ் சொல்வது சரியென்றால் வாலரின் உரைகல் உடைந்து போகும்.

போஸ் தலைப்பை மாற்ற மறுத்தார். சோதனையில் குற்றம் உண்டென்றால் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் இல்லை என்கிறார் என்பதற்காக மட்டும் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது என்பது அவருடைய நிலை. விளைவு? கட்டுரை அச்சேறவில்லை. ராயல் சொசைட்டியின் அலமாரிக்குள் போய்விட்டது.

நியாயமாகப் பார்த்தால், அந்தப் பெரியவர்களை முழு மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒரு துறையில் நாற்பது ஆண்டு உழைத்தவர்களுக்குச் சந்தேகிக்கும் உரிமை உண்டு. வேறு துறைக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் புரட்டினால், ஆதாரம் கேட்பது தவறல்ல. ஆதாரத்தைச் சோதித்துப் பாராமலே, துறையின் எல்லையைக் காட்டிக் கதவைச் சாத்தியதுதான் தவறு.

முந்தியவர் யார்?

போஸ் ஊர் திரும்பவில்லை. விடுமுறையை நீட்டிக்கொண்டு லண்டனிலேயே தங்கினார். ராயல் இன்ஸ்டிடியூஷனின் டேவி-பாரடே ஆராய்ச்சிசாலையில் இடம் கிடைத்தது. பணத்துக்கு? கல்கத்தாவில் கவி ரவீந்திரநாத் தாகூர் அவருக்காக முயன்றார். திரிபுரா மகாராஜா உதவினார்.

ஒரு நாள் அவருடைய பழைய ஆசிரியர் வைன்ஸ், தாவர நிபுணர்களை அழைத்துக்கொண்டு வந்தார். சோதனைகளைக் கண்ணால் பார்த்தார். பார்த்தபின் சந்தேகம் தீர்ந்தது. வைன்ஸ் அப்போது லின்னியன் சங்கத்தின் தலைவர். ராயல் சொசைட்டி மூடிய கதவை லின்னியன் சங்கம் திறந்தது. 1902-ல் போஸின் கட்டுரை அங்கே படிக்கப்பட்டது.

அப்போதுதான் இன்னொரு வெடி வெடித்தது. சாதாரணச் செடிகளில் மின்சார அசைவு உண்டு என்பதை வாலர் முந்திய நவம்பரிலேயே வெளியிட்டுவிட்டார் என்ற செய்தி வந்தது! ஜூன் மாதத்தில் இல்லவே இல்லை என்று சொன்னவர் பக்கம், நவம்பரில் தம் கண்டுபிடிப்பாகவே வந்துவிட்டது. போஸ் பிறர் சொத்தைத் தமதாக்கிக்கொண்டாரா என்ற கேள்வி எழுந்தது.

லின்னியன் சங்கம் விசாரித்தது. அலமாரிக்குள் போன பழைய கட்டுரையே சாட்சி சொன்னது. மே, ஜூன் மாதங்களில் போஸ் சொன்னவை எழுத்தில் இருந்தன. முந்தியவர் போஸ்தான் என்று சங்கம் திருப்தி அடைந்து கட்டுரையை வெளியிட்டது. அதே ஆண்டில் உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் காணும் அசைவைப் பற்றிய அவருடைய முதல் நூலும் வெளிவந்தது.

தனி வழி

1904-ல் மீண்டும் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரைகள் அனுப்பினார். மீண்டும் அவை வெளியிடப்படாமல் நின்றன. போஸ் ஒரு முடிவுக்கு வந்தார். பிறர் தயவை எதிர்பாராமல் நேராகப் புத்தகமாகவே எழுதினார். 1906-ல் ஒன்று, 1907-ல் ஒன்று, 1913-ல் ஒன்று. ஒவ்வொன்றும் சோதனைகள் நிறைந்த பெரிய நூல். 1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917 நவம்பர் 30-ந் தேதி, தமது பிறந்த நாளில், தம் சேமிப்பையும் அன்பர்கள் தந்த நன்கொடையையும் போட்டுக் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அதற்கென்று சொந்தமாக ஆராய்ச்சி வெளியீடும் வந்தது.

சொந்த நிலையம், சொந்த நூல், சொந்த வெளியீடு. வழியை மறித்தவர்களைச் சுற்றிக்கொண்டு போக இது நல்ல உபாயம். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தடுக்கிறவர்கள் இல்லாத இடத்தில் திருத்துகிறவர்களும் இருக்க மாட்டார்கள். இதன் பலன் பின்னால் தெரிந்தது.

ஒரு கோடி மடங்கு

செடி வளர்வதை நாம் பார்க்க முடியுமா? காலையில் ஒரு விரல் உயரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று ஊகிக்கலாமே தவிர, வளரும்போதே பார்க்க முடியாது. போஸ் அதைக் காட்டினார். கிரெஸ்கோகிராப் என்பது அந்தக் கருவியின் பெயர். செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது முதல் கருவி. பிறகு காந்தத்தைப் பயன்படுத்தி அதை ஒரு கோடி மடங்காக உயர்த்தினார். ஒரு தலைமயிரின் தடிப்பை ஒரு கோடி மடங்கு பெருக்கினால் சுமார் ஒரு கிலோமீட்டர் வரும்! உரம் போட்டால் செடிக்கு நல்லதா கெட்டதா என்று வாரக்கணக்கில் காத்திராமல், சில நிமிஷங்களில் தெரிந்துகொள்ளலாம் என்றார் போஸ்.

இத்தனை பெருக்கம் என்றால் சந்தேகம் வராதா? மேஜையின் சிறு நடுக்கமும், காற்றின் சிறு சூடும்கூட வளர்ச்சியைப்போல் தோன்றலாமே! வாலரின் 1920-ம் ஆண்டுச் சவால் இந்த இடத்தில்தான் பிறந்தது. ஆகவே, கடிதம் காழ்ப்பில் எழுதப்பட்டதாக இருந்தாலும், கேள்வி நியாயமான கேள்விதான்.

ஆனால் இந்தத் தடவை விஷயம் சங்கத்தின் நான்கு சுவருக்குள் இல்லை. தினசரிப் பத்திரிகையில் இருந்தது. லண்டன் முழுவதும் படித்தது. இந்தியாவிலும் பத்திரிகைகள் கவனித்தன. போஸின் மானம் மட்டுமல்ல. இந்தியர் செய்யும் விஞ்ஞானத்தை நம்பலாமா என்ற பழைய கேள்வியும் மறுபடி சந்திக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 23

1920 ஏப்ரல் 23-ந் தேதி லண்டன் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிசாலையில் சோதனை நடந்தது. பார்க்க வந்தவர்கள் யார்? உடலியல் மேதை பேலிஸ், தாவர நிபுணர் பிளாக்மன், ரசாயனப் பேராசிரியர் டோனன், இன்னும் சிலர். அவர்களில் ஒருவர் ராலே பிரபு. போஸின் குருநாதர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். இவர் அவருடைய மகன், இவரும் விஞ்ஞானி. தந்தையிடம் படித்த மாணவரின் கருவியைச் சோதிக்க மகன் வந்திருந்தார்!

கருவி இயங்கியது. பார்த்தவர்கள் திருப்தி அடைந்தார்கள். டைம்ஸ் பத்திரிகையில் வந்த கேள்விக்கு அதே பத்திரிகையில் பதில் வந்தது. கிரெஸ்கோகிராப் தாவரத்தின் வளர்ச்சியைச் சரியாகவே பதிவு செய்கிறது என்று அந்த நிபுணர்கள் கையெழுத்திட்டு எழுதினார்கள்.

அந்த மே மாதமே ராயல் சொசைட்டி போஸைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கட்டுரையை அலமாரியில் வைத்துப் பூட்டிய அதே சபை! நம் ராமானுஜன் இந்தப் பதவியைப் பெற்றது 1918-ல். அவருக்குப் பின் பெற்ற இந்தியர் போஸ்.

சான்று எதற்கு?

கதையை இங்கே முடித்துவிடலாம். சுபமான முடிவு. பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் உண்மைக் கதை இதற்கு மேலும் நடந்தது.

அந்த நிபுணர்கள் சான்று அளித்தது எதற்கு? கருவிக்கு. கருவி வளர்ச்சியைச் சரியாக அளக்கிறது என்றார்கள். அவ்வளவுதான். போஸின் எல்லாக் கொள்கைகளும் உண்மை என்று அவர்கள் சொல்லவில்லை. ஜனங்களோ இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. சீமைக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி போஸ் சொல்வதெல்லாம் வேதம் என்று எண்ணினார்கள். செடிக்கு மனம் உண்டு, செடி அழுகிறது, சிரிக்கிறது என்றெல்லாம் கதை பரவியது.

போஸ் மேலும் மேலும் துணிந்து சென்றார். வேரிலிருந்து உச்சிக்கு நீர் எப்படி ஏறுகிறது? தண்டின் உட்பகுதியில் உள்ள உயிரணுக்கள் இதயம்போல் துடித்து நீரை மேலே தள்ளுகின்றன என்று 1923-ல் எழுதிய நூலில் அவர் சொன்னார். மிருகங்களுக்கு இருப்பதுபோன்ற நரம்பு அமைப்பு செடிக்கும் உண்டு என்று 1926-ல் ஒரு நூல் எழுதினார். தாவர நிபுணர்கள் பலர் இவற்றை ஏற்க மறுத்தார்கள். போஸின் நுட்பமான கருவிகளைப்போல் தாங்களும் செய்து, அதே முடிவுக்கு வருவது மற்றவர்களுக்கு எளிதாக இல்லை. ஒருவர் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்பதுதானே விஞ்ஞானத்தின் சட்டம்?

ஐரோப்பாவில் அவர் பெயருக்குக் குறைவில்லை. சர்வதேச சங்கத்தின் அறிஞர் குழுவில் ஐன்ஸ்டீனோடு அங்கத்தினராக இருந்தார். இந்தியாவில் அவரைக் குறை சொல்வது தேசத்தையே குறை சொல்வதுபோல் ஆயிற்று. ஆட்சேபித்தவர்களைப் பொறாமைக்காரர் என்று தள்ளுவது சுலபமாயிற்று. 1937 நவம்பர் 23-ந் தேதி, எழுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார்.

காலம் தந்த தீர்ப்பு

இன்று திரும்பிப் பார்த்தால் என்ன தெரிகிறது?

சாதாரணச் செடிகளிலும் மின்சார அசைவு உண்டு என்றார் போஸ். சரி. பர்டன் சாண்டர்ஸன் மறுத்தார். தவறு. செடியில் ஓர் இலையைக் காயப்படுத்தினால் மற்ற இலைகளுக்கு மின்சாரச் செய்தி போகிறது. மிருகங்களின் நரம்பில் வேலை செய்யும் புரதங்களின் உறவினர் போன்ற புரதங்கள் அதற்கு உதவுகின்றன என்று 2013-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். போஸ் உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நீர் ஏறுவதற்குக் காரணம் துடிக்கும் உயிரணுக்கள் என்றார். தவறு. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, பிணைந்து நிற்கும் நீர்த்தாரை மேலே இழுக்கப்படுகிறது என்று 1894-லேயே டிக்ஸனும் ஜோலியும் சொன்ன விளக்கம்தான் இன்று நிலைத்திருக்கிறது. செடிக்கு மிருகத்தைப்போல் நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. மின்சாரச் செய்தி உண்டு என்பது வேறு. செடி நம்மைப்போல் வருந்துகிறது என்பது வேறு.

அவர் பெரிதாக நினையாமல் விட்டுச் சென்ற ஒன்றுதான் வேடிக்கை. மின் அலையைப் பிடிக்கக் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைப் பயன்படுத்தினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901-ல் அமெரிக்காவில் அதற்கு உரிமை கோரி மனுச் செய்தார்; 1904-ல் உரிமை கிடைத்தது. அதில் காசு பண்ண அவருக்கு மனம் இல்லை, காலாவதியாக விட்டுவிட்டார். இன்றைய மின்னணுக் கருவிகளுக்கெல்லாம் அடிப்படையான குறைகடத்திகளின் சரித்திரத்தில், அது முதல் அத்தியாயங்களில் ஒன்று. அவர் குளியலறைப் பக்கத்து அறையில் உண்டாக்கிய மில்லிமீட்டர் அலைகளையே இன்று செய்தித் தொடர்புக்கும் வான ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, நிபுணர் சொன்னது எல்லாம் சரியும் அல்ல. நிபுணரை எதிர்த்தவர் சொன்னது எல்லாம் சரியும் அல்ல. 1901-ல் போஸ் ஜெயித்தது இந்தியர் என்பதாலும் அல்ல, பௌதிகக்காரர் என்பதாலும் அல்ல. வைன்ஸ் நேரில் வந்து சோதித்தார், சோதனை நின்றது. 1923-ல் அவர் தோற்றதும் அதே காரணத்தால்தான். மற்றவர்கள் சோதித்தார்கள்; சோதனை நிற்கவில்லை.

நமக்கு ஆராய்ச்சிசாலை கிடையாது. மருந்து, உணவு, தண்ணீர், காற்று என்று தினமும் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? சொல்பவரின் பட்டத்தையோ, நிறத்தையோ, நம்மவரா பிறத்தியாரா என்பதையோ பார்த்து முடிவு கட்டினால், வாலரும் ஏமாற்றலாம், போஸும் ஏமாற்றலாம். இதை வேறு யார் சோதித்தார்கள், சோதித்து என்ன கண்டார்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் பட்டம் தேவையில்லை.